புரட்டாசியில் நிறுத்திய வண்டி

மாரண்டஹள்ளி,
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அமுதவல்லிக்கு அப்பா ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும், மாடும் கன்றும் சுகம். தக்காளிச் செடிக்குத்தான் இலை சுருண்டு சுகமில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் அந்த ஸ்காட்லாந்துக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று பெருமாளை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்கப்பா காகிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, அப்படி இல்லைங்க, இப்படி என்று ஒவ்வொரு வார்த்தையையும் திருத்துவாள். அப்புறம் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துவிடும். அதனால் காட்டில் மோட்டார் கொட்டகைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கிறது. வாய்க்காலில் வானம் தெரிகிறது, அதில் ஒரு மேகம் போகவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒரு பாத்தி நிறைந்து வழிந்துவிட்டது. எழுந்து போய் மடை மாற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மண் கை என்று நினைத்துக்கொள்.

போன மாதம் அம்மா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து எனக்குப் போன் செய்து சொன்னாயே, அதற்குத்தான் இந்தப் பதில். அந்தக் கதவு விஷயம் எப்படியோ உன் காது வரைக்கும் வந்துவிட்டது. அம்மாவ வேலைய வுடச் சொல்லுங்கப்பா, நீங்க சொன்னா கேப்பாங்க, போதும் அவங்க மலை மலையா அலைஞ்சது என்று நீ அழுதாய். பார்க்கலாம் கண்ணு என்று சொல்லி வைத்துவிட்டேன். பார்க்கலாம் என்று நான் சொன்னால் அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நான் உன் அம்மாவிடம் என்ன சொல்லப் போகிறேன், என்ன சொல்லப் போவதில்லை என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். அவசரப்பட்டு கடைசிப் பக்கத்தைத் திருப்பாதே, நீ சின்ன வயசிலேயே கதைப் புத்தகத்தைப் பின்னாலிருந்து படிக்கிறவள்.

அம்மா அந்தக் குழந்தைகள் காப்பு மையத்தில் களப்பணிக்குச் சேர்ந்தபோது பாலக்கோடு பக்கம் மட்டும்தான் அவளுக்கு. எந்த வீட்டில் படிக்கிற பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தார்கள், எந்தப் பையன் பள்ளிக்கூடத்தை விட்டுச் செங்கல் சூளைக்குப் போனான், எந்தக் குழந்தைக்கு வீட்டிலேயே அடி என்று தகவல் வந்தால் போய்ப் பார்த்து, பேசி, தேவைப்பட்டால் குழந்தையை அழைத்து வந்து விடுதியில் சேர்க்க வேண்டும். ஒப்பந்த வேலைதான். கொஞ்ச நாளில் வத்தல்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனார். ஆள் போடுகிற வரைக்கும் நீங்க பாத்துக்கங்க சுகுணா என்றார்கள். ஆள் போடவே இல்லை. அப்புறம் சித்தேரியைப் பார்த்தவர் போனார். அதுவும் இவள் தலையில் வந்தது. நம் மாரண்டஹள்ளி எங்கே, சித்தேரி எங்கே, மாவட்டத்தின் இந்த மூலையும் அந்த மூலையும். ஒரு வீட்டுக்குப் போனால் இருவராகத்தான் போக வேண்டும் என்று அவர்களுக்கு விதி இருக்கிறது. இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? அதனால் இரண்டாவது ஆளாக நான் போனேன். என் எக்ஸெல் வண்டி போனது. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டாள், கொண்டுபோய் விட்டேன், அப்படியே வருஷக்கணக்கில் விட்டுக்கொண்டே இருந்தேன்.

உனக்கு இது கஷ்டமாகத் தெரியும். எனக்கு எப்படி இருந்தது என்று சொன்னால் சிரிப்பாய். அம்மா வீட்டுக்குள் போவாள், நான் வெளியே வண்டியில் சாய்ந்துகொண்டு நிற்பேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்கக் கூடாது, அவளும் சொல்ல மாட்டாள். அதனால் எனக்கு வீடுகளின் வெளிப்பக்கம் மட்டும்தான் தெரியும். இந்த மாவட்டத்தில் எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமல் கடிக்கும், எந்த வாசலில் புளிய நிழல் எத்தனை மணிக்குச் சுவரைத் தொடும் என்று என்னைக் கேள். வத்தல்மலையில் காபிச் செடி பூக்கிற நாட்களில் ரோட்டுக்குக் குறுக்கே மேகம் வந்து மாடு மாதிரி படுத்துக்கொள்ளும். வண்டியை நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டு, அது எழுந்து போகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் காத்திருப்போம். அந்த வெள்ளைக்குள் உன் அம்மா முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் இருப்பாள், அவள் கை மட்டும் என் தோளில் இருக்கும். வளைவில் ஏற முடியாமல் வண்டி முனகினால் இறங்கி நடப்பாள், நான் முன்னால் போய் அடுத்த வளைவில் நிற்பேன், மேகத்துக்குள்ளிருந்து முதலில் அவள் கைப்பை வரும், அப்புறம் புடவைக் கரை வரும், அப்புறம் அவள் வருவாள். கல்யாணமான புதிதில் நாங்கள் எங்கேயும் போனதில்லை கண்ணு. போனதெல்லாம் இப்படித்தான்.

நான் மட்டும் இல்லை. அம்மாவோடு களப்பணி செய்கிற ஷகிலாவுக்கு அவள் வீட்டுக்காரர் தாவூது, அவர் பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறார், ஒருமுறை நீ அவரிடம் ரவிக்கை தைத்திருக்கிறாய். மற்றவர்களுக்கு அண்ணனோ தம்பியோ வீட்டுக்காரரோ. மலை ரோட்டில் எதிரெதிரே வரும்போது ஹாரன் அடித்துக்கொள்வோம். தாவூது காத்திருக்கிற நேரத்தில் தூங்கிவிடுவார், ஒருநாள் கன்றுக்குட்டி அவர் கர்ச்சீப்பைத் தின்றுவிட்டது, பாதி வாயில் தொங்குகிறது, சென்னண்ணா புடிங்க புடிங்க என்று அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடுகிறார். மையத்தில் ஆள் பற்றாக்குறை என்று யாரும் சொல்லவே இல்லை, ஏனென்றால் அந்தப் பள்ளத்தை நாங்கள் நிரப்பிக்கொண்டு, அது பள்ளம் என்றே தெரியாமல், காற்று வாங்கிக்கொண்டு நின்றிருந்தோம்.

ஆவணியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. கை கால் மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. அப்போது சித்தேரிப் பக்கம் மலைமேல் ஒரு ஊரிலிருந்து தகவல் வந்தது, பத்தாவது படிக்கிற பெண், அந்த வாரமே தாலி. ஊர்ப்பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். கூட வர மையத்தில் யாரை அழைத்தாலும் அவரவர் ஊரில் இதே மாதிரி முகூர்த்தம். ஆவணி அல்லவா. அம்மா தனியாகப் பஸ் ஏறினாள். அந்த வீட்டில் நன்றாகத்தான் பேசினார்களாம், வாங்கம்மா உக்காருங்க, தண்ணி குடிங்க என்று சாமை மூட்டை அடுக்கிய உள் அறையில் உட்கார வைத்துவிட்டு, பெண்ணின் சித்தப்பன்மார் வெளியே போய்க் கதவைச் சாத்தி நாதாங்கி போட்டுவிட்டார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. சும்மா பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். போனில் சிக்னல் இல்லை. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், அப்புறம் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது, ஓட்டின்மேல் மழைச் சத்தமும் ஒரு கோழி கொக்கரிக்கிற சத்தமும்தான் கேட்டதாம். அந்த அறையில் கிழக்கு எது மேற்கு எது என்று தெரியவில்லை என்று சொன்னாள், நேரம் போகிறதா நிற்கிறதா என்றும் தெரியவில்லையாம். அவளை அங்கே அடைத்துவிட்டுப் பெண்ணை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடலாம் என்று பார்த்திருக்கிறார்கள். ஆனால் பெண் சாமைக் காட்டுக்குள் ஒளிந்துகொண்டுவிட்டாள். ஆண்கள் எல்லோரும் அவளைத் தேடிக்கொண்டு மேற்குச் சரிவுக்குப் போனபோது அந்தப் பெண்ணே பின்பக்கமாக வந்து நாதாங்கியை எடுத்துவிட்டாள். இருவரும் ஒரே கோணிச்சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு மழையில் மலை ரோட்டில் இறங்கியிருக்கிறார்கள். வழியில் காய்கறி ஜீப் ஒன்று வந்து ஏற்றிக்கொண்டது. பெண் இப்போது விடுதியில் இருக்கிறாள், அரையாண்டுப் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

அம்மா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது ஏதோ பக்கத்து வீட்டுக் கதை மாதிரி சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து அவள் கதவைத் தாழ்ப்பாள் போடுவதை விட்டுவிட்டாள். குளிக்கப் போனால்கூட ஒருக்களித்து வைத்துவிட்டு, ஏங்க, அந்தப் பக்கமாவே இருங்க என்பாள். நான் தெரியாமல் வாசல் கதவைச் சாத்தினால் சமையலை விட்டுவிட்டு வந்து திறந்து வைப்பாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள், நான் சொல்லவில்லை, உனக்கு வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கப்புறம்தான் ஷகிலாவும் இவளும் மற்ற களப்பணியாளர்களும் ஒன்றுசேர்ந்தார்கள். காலி இடங்களை நிரப்புங்க, ஒரு ஆளுக்கு ஒரு வட்டாரம், ஒரு வீட்டுக்கு ரெண்டு பேர், அதுவரைக்கும் களத்துக்குப் போக மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலைநிறுத்தம். நீ பார்த்த வீடியோ அதுதான், அட்டை பிடித்துக்கொண்டு அம்மா நிற்பது. ஆனால் எப்போது நிறுத்துவது என்று வந்தபோது எல்லோரும் யோசித்து ஒரு முடிவு எடுத்தார்கள் பார், புரட்டாசியில் வைப்பது என்று. ஏன் தெரியுமா? புரட்டாசியில் இங்கே யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். நாம போகாத நேரத்துல ஒரு புள்ளைக்கும் தாலி ஏறிடக் கூடாது என்றாள் உன் அம்மா. அதோடு, அடி உதை உயிர் ஆபத்து என்று தகவல் வந்தால் மட்டும் போவது என்று ஷகிலா ஒரு போனைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். வேலைநிறுத்தம் செய்கிறவர்கள் எதிரிக்கு வலிக்கிற நேரம் பார்ப்பார்கள். இவர்கள் யாருக்கும் வலிக்காத மாதமாகப் பார்த்து ஆரம்பித்தார்கள். மையத்தின் பொறுப்பாளர் மதியழகன் சார் சிரித்தாராம், புரட்டாசியிலயா, நல்லா ஓய்வெடுங்கம்மா என்று. அவர் கெட்டவர் இல்லை, அவர் மேஜையிலும் இரண்டு பேர் வேலை கிடக்கிறது. அவருக்கும் மேலே இருக்கிறவர்கள் வராதவர்கள் பெயரை நீக்குவோம் என்று சுவரில் ஒட்டினார்கள்.

தர்மபுரியில் மைய அலுவலகத்துக்கு எதிரே சாமியானா போட்டு உட்கார்ந்தார்கள். நாங்கள் ஆண்கள் தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு எதிர்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்போம். புரட்டாசி வெயிலும் இல்லை மழையும் இல்லை, சனிக்கிழமைகளில் கோயில் மணி கேட்கும், மரத்திலிருந்து சின்னச் சின்ன இலையாக உதிர்ந்துகொண்டே இருக்கும், தாவூது தலையில் விழுந்ததை நான் எடுப்பேன், என் தலையில் விழுந்ததை அவர் எடுப்பார். நாட்கள் அப்படியே மிதந்து போயின. இவர்களை யாரும் கூப்பிட்டுப் பேசவில்லை, யாரும் இவர்களைத் தேடவும் இல்லை.

கடைசியில் ஒருநாள் மதியழகன் சார் வந்து பேசினார். அவர் சொன்னதை அம்மா அப்படியே சொல்லிக் காட்டினாள். உங்களுக்குத்தான் வூட்டுக்காரரு கூட வர்றாரே சுகுணாம்மா, ஷகிலாம்மாவுக்கு தாவூது பாய் வர்றாரு, ரெண்டு ரெண்டு பேராத்தானே போறீங்க, இருக்கற ஏற்பாடு நல்லாத்தானே ஓடுது, இதுல ஆள் பத்தலைன்னு மேல என்னான்னு எழுதறது என்று கேட்டாராம். ஷகிலா மெதுவாகத் திரும்பிப் புளியமரத்தடியைப் பார்த்தாள். எல்லாப் பெண்களும் திரும்பினார்கள். நாங்கள் முறுக்குத் தின்றுகொண்டிருந்தோம். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஷகிலா காலித் தூக்குப்போசியை எங்கள் முன்னால் நீட்டினாள், அண்ணா, சாவியப் போடுங்க, இனி எங்க வேலைக்கு உங்க வண்டி வரக் கூடாது என்றாள். தாவூது முதலில் போட்டார். கலங் கலங் என்று ஒவ்வொன்றாக விழுந்தது. என் முறை வந்தபோது கை வரவில்லை கண்ணு. உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போகாவிட்டால் அவள் தனியாகப் போய்விடுவாளோ என்ற பயம் எனக்கு, ஆவணி திரும்பி வந்துவிடுமோ என்று. ஏங்க, நீங்க கூட வந்துட்டே இருந்தா எனக்கு ஆள் போட மாட்டாங்க என்றாள். போட்டுவிட்டேன். வண்டிகளை அங்கேயே சுவரோரம் வரிசையாக நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். வண்டி இல்லாத வாசலைப் பார்க்க என்னவோ போல இருந்தது. மத்தியானம் கட்டிலில் சாய்ந்தால் கனவு வரும், எங்கள் வண்டிகள் எல்லாம் ஓட்ட ஆளில்லாமல் தாங்களே வரிசையாக வத்தல்மலை ஏறிக்கொண்டிருக்கும், மேகம் வந்து படுத்தால் நிற்கும், ஒன்றுக்கொன்று ஹாரன் அடித்துக்கொள்ளும். நான் பின்னால் நடந்து போவேன், எட்டிப் பிடிக்க முடியாது.

ஐப்பசி பிறக்கப் போகிறது என்றதும் பெண்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் முகூர்த்தத்துக்கு முன்னால் வேலைக்குத் திரும்பினார்கள், ஆனால் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள், மையத்து ஆட்கள் இருவராகப் போவோம், இல்லையென்றால் போக மாட்டோம், போக முடியாத ஊரைப் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுவோம், அவர் ஏற்பாடு செய்யட்டும். இருவர் இருவராகச் சேர்ந்ததும் மாவட்டத்தில் பாதி ஊருக்கு ஆளே இல்லை என்பது அப்போதுதான் வெளிச்சமாயிற்று. ஜோடி சேர்ந்ததில் உன் அம்மா ஒற்றையாக நின்றுவிட்டாள். அந்த நேரம் பார்த்துச் சித்தேரிப் பக்கத்திலிருந்து மறுபடியும் ஒரு தகவல், வேறு ஊர். வேறு ஆள் இல்லாததால் மதியழகன் சாரே இவளோடு போக வேண்டியதாகிவிட்டது. நான் அன்றைக்குச் சாமி படத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அரூர் பஸ் ஸ்டாண்டில் அம்மா காத்திருக்கிறாள், சார் வருகிறார், கூடவே வாட்டசாட்டமாக ஒருத்தர் பனியன் தெரியச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார். சார், இவருங்க என்று அம்மா கேட்டிருக்கிறாள். நம்ம மச்சான்மா, மலைக்குப் போறமே, சும்மா ஒரு தொணைக்கு இருக்கட்டும்னு வூட்ல அனுப்பினாங்க என்றாராம் சார். உன் அம்மா அந்த மச்சானை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவரு எந்தப் போஸ்டுங்க சார் என்று கேட்டிருக்கிறாள். சார் பஸ்ஸின் போர்டையே படித்துக்கொண்டிருந்தாராம். சித்தேரி என்று நாலு எழுத்து, அதை எவ்வளவு நேரம் படிக்க முடியும்?

மலையில் அந்த வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், பேச்சுக்குக் கட்டுப்பட்டார்கள். ஆனாலும் சார் வாசற்படியை விட்டு உள்ளே நகரவில்லையாம், கதவு தொறந்தே இருக்கட்டும், காத்து வரட்டும் என்று காலை நிலைப்படியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். திரும்பி நடக்கும்போது, ஆவணில உங்கள பூட்டுனது எங்கம்மா என்று கேட்டிருக்கிறார். அம்மா பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். பனிக்குள் ஒரு ஓட்டு வீடு பாதி தெரிந்தது, அப்புறம் அதுவும் மறைந்தது. மறைந்த பிறகும் சார் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாராம். மச்சான் மட்டும், மாமா பஸ் போயிடும் என்று இழுத்திருக்கிறார். அம்மா இதை என்னிடம் சொல்லும்போது, எந்தப் போஸ்டுங்க சார் என்ற இடத்துக்கு வந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். ஆவணிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன், மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது.

சார் மேலே என்ன சொன்னாரோ, எப்படிச் சொன்னாரோ, ஐப்பசி முடிவதற்குள் புதிதாக இரண்டு பேரை எடுத்தார்கள். கேட்டதில் பாதிகூட இல்லை, அதுவும் தற்காலிகம்தான். மீதிக்கு மறுபடியும் சாமியானா போட வேண்டும், தை மாதத்துக்கு முன்னால் என்று ஷகிலா சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெயரை நீக்கவில்லை, உட்கார்ந்திருந்த நாட்களின் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள், அதை விடு. வந்த இரண்டு பேரில் ஒருத்திதான் தஸ்லீம். உன் அம்மாவோடு சேர்த்திருக்கிறார்கள். பாலக்கோட்டுப் பெண், சமூகப் பணி படித்தவள், உன்னைவிடச் சின்னவள், சொந்த ஸ்கூட்டி வைத்திருக்கிறாள், தலைக்கவசம் இரண்டு கொண்டு வருகிறாள். முதல் நாள் காலையில் வந்து, அங்கிள், ஆன்ட்டிய பத்திரமா கூட்டிட்டு வந்துர்றேன் என்றாள். அவளுக்குக் காது மூட ஒன்றும் இல்லை என்று பார்த்து அம்மா என் மப்ளரை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டாள். வத்தல்மலைக்குத்தான் போனார்கள். முருங்கை மரத்தடியில் ஸ்கூட்டி திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்தேன். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதற்குத்தானே சாவியைப் போட்டேன், இதற்குத்தானே வேண்டினேன். ஆனாலும் வருத்தமாக இருந்தது கண்ணு, மறைத்து என்ன ஆகப்போகிறது. இனி அந்த மேகத்தை அவளோடு காத்திருந்து பார்க்க மாட்டேன்.

காட்டுக்கு வந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஏங்க, மேல சேந்துட்டோம் என்றாள். அவ்வளவுதான், வைத்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் எனக்கு இப்படிப் போன் செய்ததே இல்லை, செய்ய வேண்டி இருந்ததில்லை, நான்தான் கூடவே இருப்பேனே. வரப்பில் உட்கார்ந்துகொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். துக்கம் இல்லை, சந்தோஷமும் இல்லை, என்னவோ. தூரத்தில் மலை நீலமாக இருந்தது, அதில் எங்கேயோ ஒரு வளைவில் அவர்கள் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். போன வாரம் மத்தியானம் சாரல் உள்ளே அடித்தது. அம்மா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டு வந்து மறுபடியும் அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்து செய்தாளோ தெரியாமல் செய்தாளோ.

அதனால் கண்ணு, உன் அம்மாவை வேலையை விடச் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே. அவள் மலைக்குப் போனது தப்பு இல்லை, தனியாகப் போக வைத்ததுதான் தப்பு. அதை மாற்றுகிறோம், கொஞ்சம் மாற்றியும் விட்டோம். மறுபடியும் சாமியானா போட்டால் புளியமரத்தடியில் நானும் தாவூதும் இருப்போம், முறுக்கு இருக்கும், வண்டி இருக்காது.

வேறு செய்தி, பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். கன்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, மாப்பிள்ளையை ஒரு பெயர் சொல்லச் சொல். கேழ்வரகு மாவு அரைத்து வைத்திருக்கிறோம், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன், வெறும் ரொட்டியைத் தின்றுகொண்டு கிடக்காதே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள், அந்த ஊரில் முடியாது என்றால் பாதத்துக்காவது தேய். தீபத்துக்கு உன் பெயரில் ஒரு விளக்கு தனியாக வைக்கிறோம்.

இன்னொன்று கேட்க வேண்டும். இதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் எழுதினேனோ என்னவோ. பனி மூடிய உன் கார் படத்தை அனுப்பியிருந்தாயே, கண்ணாடியில் கை அளவுக்கு மட்டும் சுரண்டி வழி பார்த்தாற்போல இருந்ததே, அதைக் கொட்டகையில் உட்கார்ந்து அடிக்கடி பார்க்கிறேன். ஊர் ஊராக வயசானவர்கள் வீட்டுக்குப் போய் மருந்து கொடுத்து, துடைத்து, படுக்க வைத்துவிட்டு வருவது உன் வேலை என்று சொல்லியிருக்கிறாய். நேத்து ஒரே நாள்ல எத்தனையோ வீடுப்பா, ரெண்டு பேர் லீவு என்று ஒருதடவை வாய் தவறிச் சொன்னாய். அம்மாவுக்காக நீ அழுதாய், சரி. நீ போகிற வீடுகளுக்கு உன்னோடு யார் வருகிறார்கள்? அந்தப் பனியில் வெளியே யார் நிற்கிறார்கள்? நீ ஒருநாளும் சொன்னதே இல்லை, நானும் கேட்டதே இல்லை.

பெருமாள் உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் நல்ல கூட்டும் கொடுக்கட்டும். எதை மறந்தாலும் இதை மறக்காதே, கடைசி வீட்டை முடித்துவிட்டு உன் வீட்டுக்குள் நுழைந்ததும் சேந்துட்டேன்ப்பா என்று ஒரு வார்த்தை சொல். உனக்கு எந்த நேரமாக இருந்தாலும் எனக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நேரம்தான், நான் விழித்துத்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மாவின் பழைய இரண்டாவது ஆள்,
உன் அப்பா
சென்னப்பன்